கேள்வி – பதில்: எந்தத் தட்டில் வைப்பது?

போன இதழில் ஒரு கனடா பாடகியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஜோனி மிட்செல் ரெக்கார்டுகளுக்கு எங்கள் கடை அலமாரியில் கடைசிவரை ஒரு தட்டு கிடைக்கவில்லை." திருச்சி தில்லைநகரில் 1981 முதல் 15 வருடம் நான், ரெக்கார்டிலிருந்து பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளே இந்த இதழின் பக்கங்களுக்குச் சரியாக இருக்கிறது. எம்.எஸ்.வி. பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜோனி மிட்செல் என்று தேடினால் ஒரு ஆப்பில் ஃபோக் என்கிறது, இன்னொன்றில் ராக் என்கிறது. என் மாமா ஜாஸ் என்கிறார். இதில் எது சரி? (கல்லூரி மாணவி, கரூர்)

மாமாவும் சரி, இரண்டு ஆப்பும் சரி. எந்த வருடத்து ரெக்கார்டைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

கிராமி விருதுக்காரர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். 1970இல் 'கிளவுட்ஸ்' ஆல்பத்துக்கு ஃபோக் பிரிவில் கொடுத்தார்கள். 1996இல் 'டர்புலன்ட் இண்டிகோ'வுக்கு பாப் பிரிவில். 2001இல் 'போத் சைட்ஸ் நவ்' ஆல்பத்துக்கு 'பாரம்பரிய பாப்' பிரிவில். நடுவில் 1997இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2008இல் ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக், ஜோனியின் பாட்டுகளை எடுத்து வாசித்த ஆல்பம் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பெரிய விருதையே வாங்கியது. அப்புறம் 2024இல், அவருக்கு 80 வயதாகும்போது, மறுபடியும் ஃபோக். 54 வருடம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட ஸ்டாப்பிலேயே இறங்கினார்.

ஃபோக் என்றதும் நம் ஊர் நாட்டுப்புறப் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். வயல், தாலாட்டு, ஒப்பாரி எதுவும் இல்லை. 1960களில் கனடா, அமெரிக்கா காபிக் கடைகளில் ஒற்றை ஆள் கிடாருடன் உட்கார்ந்து பாடினால் அவர் ஃபோக் பாடகர். அவ்வளவுதான் விஷயம். ஜோனி 1943இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபோர்ட் மக்லியோட் என்ற சிற்றூரில் பிறந்து, சாஸ்கட்டூனில் வளர்ந்து, ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டே காபிக் கடைகளில் பாடியவர். பொன்னிறக் கூந்தல், கையில் கிடார், தனி ஆள். ஃபோக் என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள்.

ஒட்டிய சீட்டு எத்தனை நாள் தாங்கியது? 1971இல் வந்த 'ப்ளூ' வரை சமாளிக்கலாம். கிடார், பியானோ, மடியில் வைத்து மீட்டும் டல்சிமர், பெரும்பாலும் அவ்வளவுதான். 1974இல் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்': டாம் ஸ்காட்டின் எல்.ஏ. எக்ஸ்பிரஸ் என்ற ஜாஸ்-ராக் குழு கூடவே வாசிக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போன ரெக்கார்டு அது. அதே மாதிரி இன்னொன்று போட்டிருந்தால் பணம் கொட்டியிருக்கும். 1975இல் அவர் போட்ட 'தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குப் பின்னணி பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டு முரசுகளின் ஒலிப்பதிவும் மூக் என்ற ஒரு சின்தசைசரும்தான். 1976இல் 'ஹெஜிரா'. 1977இல் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 16 நிமிடம். 1979இல் ஜாஸ்காரர் சார்லஸ் மிங்கஸின் மெட்டுகள். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் நான் ஒரு தட்டைக் காலி செய்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். கடை எனக்கு இருந்தது பத்துக்குப் பன்னிரண்டு அடி.

யூடியூபில் பார்த்து கிடார் பழகுகிறேன். ஜோனி மிட்செல் பாட்டுக்கு நெட்டில் கிடைக்கும் கார்டுகளை (பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் பிடிகளை) போட்டால் எல்லாம் சரியாக இருந்தும் அவர் வாசிப்பது போல ஒலிக்கவே மாட்டேன் என்கிறது. என்ன தப்பு செய்கிறேன்? (வாசகர், கோவை)

உங்கள் விரலில் தப்பு இல்லை தம்பி. முறுக்காணியில் இருக்கிறது விஷயம்.

கிடாரைச் சாதாரணமாக எப்படிச் சுருதி கூட்டுவோம்? தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. உலகத்தில் பெரும்பாலான கிடார் புத்தகங்கள் இதை வைத்து எழுதியவை. ஜோனியின் பெரும்பாலான பாட்டுகள் இந்தச் சுருதியிலேயே இல்லை. நீங்கள் நெட்டில் எடுத்தது, யாரோ அவர் பாட்டைச் சாதாரண சுருதிக்கு மொழிபெயர்த்து வைத்தது. சொல் இருக்கும், குரல் இருக்காது.

இதன் வேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. 9 வயதில் அவருக்குப் போலியோ. எழுந்து நடந்துவிட்டார், ஆனால் இடது கையில் பழைய வலு இல்லை. கிடாரில் இடது கைதான் கழுத்தைப் பிடித்து அழுத்த வேண்டும். கற்றுத் தேர்ந்தவர்கள் போடும் சிக்கலான பிடிகள் அந்தக் கைக்கு ஒத்துவரவில்லை. 1960களின் நடுவில் டெட்ராய்ட்டில் இருந்தபோது எரிக் ஆண்டர்சன் என்ற பாடகர் திறந்த சுருதியை அவருக்குக் காட்டினார். அதாவது கம்பிகளை முன்கூட்டியே மாற்றிக் கட்டிவிடுவது. எங்கும் அழுத்தாமல் சும்மா மீட்டினாலே முழு கார்ட் வந்துவிடும். அப்புறம் ஒரு விரல், இரண்டு விரல் போதும். நம் வித்வான்கள் மேற்கத்திய வயலினை வாங்கி, அதன் சுருதியைத் தூக்கிப் போட்டுவிட்டு ச-ப-ச-ப என்று கட்டிக்கொண்டார்கள் இல்லையா, அந்த மாதிரி யோசனை.

திறந்த சுருதி ஜோனி கண்டுபிடித்தது அல்ல. ப்ளூஸ்காரர்கள், ஹவாய்த் தீவுக்காரர்கள் எல்லாம் அவருக்கு முன்பே வாசித்தார்கள். ஆனால் அவர்களில் பலர் சில சுருதிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர் நிறுத்தவில்லை. ஒரு சுருதியில் கை பழகிவிட்டால் இன்னொன்று கட்டுவார். 50க்கு மேல் ஆகிவிட்டது. எதற்கு எது என்று நினைவு வைக்க ஒரு எண் கணக்கும் வைத்திருந்தார். தடித்த கம்பியின் சுரம் முதலில். அதற்கடுத்து, அடுத்த கம்பியின் சுரம் இந்தக் கம்பியில் எத்தனையாவது கட்டையில் (கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்) கிடைக்கும் என்ற எண், வரிசையாக. டி 7 5 4 3 5 என்றால் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. சாதாரண சுருதியை அதே கணக்கில் எழுதினால் ஈ 5 5 5 4 5. இன்று ராத்திரியே கட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கம்பியை இறக்குகிற சுருதியிலிருந்து ஆரம்பியுங்கள். நான் ஏற்றுகிற சுருதியில் ஆரம்பித்து ஒரே சாயங்காலத்தில் இரண்டு கம்பி அறுத்தேன். ஒன்று கன்னத்தில் பட்டது.

இப்படிக் கட்டியதால் வந்த கார்டுகள் ஒரு தினுசாக இருக்கும். சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது, சோகம் என்றும் சொல்ல முடியாது. முடிந்துவிட்டதா, இன்னும் வருமா என்று காது காத்துக்கொண்டே இருக்கும். கேள்வி கேட்கும் கார்டுகள் என்று அவரே பேர் வைத்திருந்தார். பிரச்சினை எங்கே வந்தது என்றால், கூட வாசிக்க வந்தவர்களிடம். ராக் வாசிக்கிற நல்ல நல்ல ஆட்களுக்கு அடுத்து எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. கடைசியில் ஒரு டிரம்ஸ்காரர், "நீங்கள் ஜாஸ் ஆட்களைக் கூப்பிட்டுக்கொள்வதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டார். இதை ஜோனியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கரூர் மாணவியும் இதைப் படிக்க வேண்டும். அவர் கேள்விக்கு மேலே நான் எழுதியது பாதிப் பதில்தான், மீதி இங்கே இருக்கிறது. ஜோனி ஒருநாள் காலையில் எழுந்து 'இனி ஜாஸ் பாடுவோம்' என்று முடிவு செய்யவில்லை. வலுவில்லாத கைக்காகக் கம்பியை மாற்றினார், கம்பி மாறியதால் கார்ட் மாறியது, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கிற ஆள் ஜாஸ் தெருவில்தான் இருந்தார். போய்க் கூப்பிட்டு வந்தார். தெருப் பெயரைப் பார்த்தவர்கள் வீடு மாறிவிட்டார் என்று எழுதினார்கள்.

அப்படியானால் நாம் ஃப்யூஷன் என்று சொல்வது இதைத்தானே? (ஓய்வு பெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை)

இல்லை ஐயா. ஃப்யூஷன் கச்சேரியில் மிருதங்கம் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம் இருக்கும். இரண்டும் தனித்தனியாக வந்து மேடையில் கை குலுக்கும். எது எங்கிருந்து வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஜோனியிடம் அப்படிப் பிரித்து எடுக்க முடியாது.

'ஹெஜிரா'வைக் கேளுங்கள். மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தைய வருடம் அங்கே பழைய ரெக்கார்டு கடையில் வாங்கினேன். ஹிஜ்ரா என்ற அரபுச் சொல்தான் தலைப்பு, ஓரிடத்தை விட்டுப் புறப்படுவது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிற மெய்ன் மாநிலத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்த சமயத்தில் எழுதிய பாட்டுகள் அதில் உண்டு. கேட்டால் கிடார் சாலை மாதிரியே போகும், முடிவே இல்லாமல். அதன்மேல் ஜாகோ பாஸ்டோரியஸ் என்ற இளைஞர் பேஸ் கிடார் வாசிக்கிறார். ஒன்பது பாட்டில் நாலில்தான் இருக்கிறார், ஆனால் ஆல்பமே அவருடையது போலக் காதில் நிற்கும். அவர் வைத்திருந்தது கட்டை இல்லாத பேஸ். வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும், அதே வித்தியாசம். சுரத்திலிருந்து சுரத்துக்குக் குதிக்காது, வழுக்கும். பேஸ் என்றால் அடியில் தாளத்தோடு தூண் மாதிரி நிற்க வேண்டும் என்பது வழக்கம். இவருடையது ஜோனி ஒரு வரி பாடி முடித்ததும் பதில் சொல்கிறது. இரண்டு பேர் பேசிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். இதில் எங்கே ஃபோக் முடிந்து எங்கே ஜாஸ் ஆரம்பித்தது என்று கோடு போடச் சொன்னால் நான் எங்கே போடுவேன்? ஜாகோ 1987இல், 35 வயதில் போய்விட்டார்.

நீங்கள் சொல்கிற அர்த்தத்தில் ஒட்டிவைத்த பாட்டு என்றால் முதல் பதிலில் சொன்ன அந்தப் புருண்டி முரசுப் பாட்டு மட்டும்தான். 'தி ஜங்கிள் லைன்' என்று பேர். முரசு ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு மேலே பாடியிருக்கிறார். பின்னாளில் எல்லோரும் சாம்பிள் எடுத்துப் பாட்டுக் கட்டப்போவதை 1975இலேயே செய்தார் என்று புகழ்வார்கள். இருக்கட்டும். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. முரசு வாசித்தவர்கள் அவரோடு உட்கார்ந்து வாசிக்கவில்லையே.

நீங்கள் கேசட் போட்டுக் கொடுத்து, திரும்பி வந்த ஆல்பம் உண்டா? (வாசகர், ஸ்ரீரங்கம்)

உண்டு. 1979இல் வந்த 'மிங்கஸ்'. கதையை முதலில் சொல்கிறேன்.

சார்லஸ் மிங்கஸ் ஜாஸ் உலகத்தின் பெரிய ஆள். டபுள் பேஸ் வாசிப்பவர், பெரிய இசையமைப்பாளர், பெரிய கோபக்காரர். 1978இல் நரம்பு நோயால் உடம்பு செயலிழந்து, நியூயார்க்கில் உயரமான கட்டடம் ஒன்றில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜோனியின் அந்த 16 நிமிடப் பாட்டு, 'பாப்ரிகா ப்ளெய்ன்ஸ்', அவர் காதில் விழுந்திருந்தது. டி.எஸ். எலியட்டின் 'ஃபோர் குவார்டெட்ஸ்' கவிதையை வைத்து ஒன்று செய்யலாம் என்று ஆள் அனுப்பினார். ஜோனி படித்துப் பார்த்துவிட்டு முடியாது என்றுவிட்டார். அப்புறம் மிங்கஸ் தானே ஆறு மெட்டு போட்டு, உனக்காகப் போட்டது, வார்த்தை எழுது என்றார். நம் சினிமாவில் மெட்டுக்குப் பாட்டு எழுதுவது தினப்படி வேலை. தன் பாட்டுக்குத் தானே மெட்டுப் போட்டே பழகியவருக்கு அது பெரிய சோதனை. அதுவும் சாகப்போகிறவர் கொடுத்த மெட்டு. 1979 ஜனவரி 5ஆம் தேதி மெக்சிகோவில் மிங்கஸ் இறந்தார், 56 வயது. ஆல்பத்தில் ஒரு பாட்டைத் தவிர மற்றதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஹெர்பி ஹான்காக், சாக்ஸபோன்காரர் வெய்ன் ஷார்ட்டர், ஜாகோ எல்லோரும் அதில் வாசித்திருக்கிறார்கள். பாட்டுகளுக்கு நடுவில் ஜோனி வேறொன்று செய்தார். மிங்கஸ் வீட்டில் பதிவான பேச்சு, பிறந்தநாள் பாட்டுச் சத்தம், சிரிப்பு, இதையெல்லாம் அப்படியே துண்டு துண்டாகச் சொருகியிருக்கிறார். இன்னொரு பாட்டில் நிஜ ஓநாய்களின் ஊளை.

என் வாடிக்கையாளர், ஒரு பாங்க் ஊழியர், 'ப்ளூ' கேட்டு மயங்கிப்போய் "அந்தப் பொண்ணு பாடினது வேற இருந்தா போட்டுக் கொடுங்க" என்று அறுபது நிமிட கேசட் கொடுத்தார். நான் உற்சாகத்தில் 'மிங்கஸ்' போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்து கேசட்டை மேசையில் வைத்தார். "சார், நீங்க ரெக்கார்ட் பண்ணும்போது கடையில யாரோ பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. எல்லாம் உள்ளே விழுந்திருக்கு. அப்புறம் நாய் வேற." மைக் வைத்துப் பதிவு செய்வதில்லை, ஒயர் வழியாகத்தான் என்று விளக்கினேன். ஓநாய் என்றும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு பி. சுசீலா போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

இப்போது யோசித்தால் அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் கேட்டது 'ப்ளூ' பாடிய பெண்ணை. அந்தப் பெண் எட்டு வருடத்தில் வேறெங்கோ போய்விட்டார் என்று நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். 1974 கச்சேரி ரெக்கார்டில் கூட்டத்தில் ஆளாளுக்குப் பழைய பாட்டின் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். ஜோனி சிரித்துக்கொண்டே, ஓவியர் வான்கோவிடம் போய் அந்த நட்சத்திர இரவை மறுபடி வரைந்து காட்டு என்று யாராவது கேட்டார்களா என்பார். சொல்லிவிட்டுப் பழைய பாட்டைத்தான் பாடுவார். இருபது வருடம் கழித்து 'டர்புலன்ட் இண்டிகோ' அட்டையில் தன்னையே காதில் கட்டுப் போட்ட வான்கோவாக வரைந்துகொண்டார். அந்தப் படத்தை நான் ரசித்தேன்.

இவ்வளவு புகழ்கிறீர்களே, அவர் தப்பே செய்யவில்லையா? (பெயர் வேண்டாம், ஈரோடு)

செய்தார். 1977 ஆல்பத்தின் அட்டையில் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி, கறுப்பின ஆண் வேடத்தில் நிற்கிறார். வேடம் போட்டு எல்லாரையும் ஏமாற்றினேன் என்று பெருமையாகவும் பேசியிருக்கிறார். கறுப்பர்களைக் கேலி செய்ய வெள்ளைக்காரர்கள் மேடையில் சாயம் பூசிக்கொண்ட நீண்ட வரலாறு அந்த நாட்டில் உண்டு. தெரியாமல் செய்தது என்று சொல்ல முடியாது. அந்த இசை மரபின் பெரியவர்கள் பலர் அவரை மதித்து அவரோடு வாசித்தார்கள் என்பது உண்மை. அதனால் இந்த அட்டை சரியாகிவிடாது.

எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

'ப்ளூ', அப்புறம் 'ஹெஜிரா'. நடுவில் இரண்டு மாதம் விடுங்கள். சோதனை செய்து பார்க்க ஆசை இருந்தால் 'போத் சைட்ஸ் நவ்' என்ற ஒரே பாட்டை இரண்டு முறை கேளுங்கள். 1969இல் வந்தது ஒன்று, மெல்லிய உயர்ந்த குரல், ஒற்றைக் கிடார். 2000இல் வந்தது இன்னொன்று, பெரிய ஆர்கெஸ்ட்ரா. 9 வயதில் தொட்ட சிகரெட் அதற்குள் குரலைக் கீழே இறக்கி, கரகரப்பாக்கிவிட்டது. வார்த்தை அதேதான். வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன் என்று 23 வயதில் எழுதியவர், 50 தாண்டிப் பாடுகிறார். 2015இல் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, பேச்சையே மறுபடி பழக வேண்டியிருந்தது. 2022இல் நியூபோர்ட் ஃபோக் விழாவில் நாற்காலியில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடினார். 2024இல் ஃபோக் என்று கிராமி கொடுத்தது அந்தக் கச்சேரிப் பதிவுக்குத்தான். தைலம் மாதிரி ஒரு குரல் இப்போது. இந்த மூன்றாவதை ராத்திரியில் தனியாகக் கேட்க வேண்டாம்.

சரி, கடைசியில் அந்த ரெக்கார்டுகளை எங்கேதான் வைத்தீர்கள்? (மாணவியின் மாமா, கரூர். அதே கவரில் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறார்)

முதலில் 'கன்ட்ரி அண்ட் ஃபோக்' தட்டில். ஜிம் ரீவ்ஸ் பக்கத்தில் 'ஹெஜிரா'வை ஒரு வாரம் வைத்தேன், எனக்கே பாவமாக இருந்தது. ஜாஸ் தட்டுக்கு மாற்றினேன். அங்கே வருகிற ஒரே டாக்டர் "பாட்டு எதற்கு, வாசிப்பு போதும்" என்பவர். கொஞ்ச நாள் 'மற்றவை'யில் இருந்தது, பறவைச் சத்தம், யோகா ரெக்கார்டு இவற்றோடு. கடைசியில் பில் போடும் மேசைக்குக் கீழே, காலி கேசட்டும் ஹெட் க்ளீனர் பாட்டிலும் இருக்கிற அறையில் வைத்தேன். கேட்பவர்களுக்கு நானே எடுத்துக் கொடுப்பேன். 'ஹெஜிரா' 52 நிமிடம், தொண்ணூறு கேசட்டின் ஒரு பக்கம் 45. கடைசிப் பாட்டு அறுந்துபோகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அது ஜாகோ வாசித்த பாட்டு, அதனால் பெரும்பாலும் அடுத்த பக்கத்தில் தனியாகப் போட்டுக் கொடுத்தேன்.

1996இல் கடையை மூடியபோது சாமான் கட்ட ஒரு பையனை வைத்திருந்தேன். அட்டைப்பெட்டிகள் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டே வந்தான். இந்தப் பெட்டிக்கு மட்டும் ரெக்கார்டு அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ் லேடி – 1" என்று எழுதினான். அவர் கனடாக்காரர் என்று சொல்லப்போனேன். அதற்குள் கயிறு கட்டிவிட்டான்.